ஒரு பழைய டிரைவும் முடிக்காத ஒரு புரோகிராமும்

 

1984இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்களைக் கொடுத்தது நினைவிருக்கிறதா? நினைவகம் வெறும் 32 கேபி. எங்கள் பள்ளிக்கும் வந்தது. பின்னாளில் அது ஏலத்துக்குப் போனபோது நானே வாங்கி வைத்துக்கொண்டேன். கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறது. ஃபிளாப்பி டிரைவ்தான் இறுகிப்போய்விட்டது. அலமாரியிலோ மாணவர்கள் எழுதிய பன்னிரண்டு டிஸ்க்குகள்.

தங்கை வீட்டுப் பரணில் ஒரு பழைய பிசி கிடந்தது. அதில் 360 கேபி டிரைவ். டிஸ்க்கை அந்த பிசியிலேயே போட்டுப் படிக்கலாமே என்பீர்கள். முடியாது. டிஸ்க் ஒன்றுதான், பதியும் முறை வேறு. பிபிசி ஒரு வட்டத்தில் 256 பைட்டாகப் பத்துத் துண்டு எழுதும். பிசி 512 பைட்டாக ஒன்பது. ஆனால் டிரைவ் வெறும் கை மாதிரி. எழுத்தைத் தீர்மானிப்பது கம்ப்யூட்டர்தான். அதனால் டிரைவையே கழற்றி இதில் மாட்டினேன்.

முதலில் விளக்கு அணையாமல் எரிந்தது. கேபிளைத் தலைகீழாகச் செருகியிருந்தேன். திருப்பினால் விளக்கே எரியவில்லை. பிசி கேபிளில் நடுவே ஏழு கம்பிகள் முறுக்கியிருக்கும். அதை நம்பி டிரைவை 'இரண்டாவது' என்று ஜம்பர் வைத்து அமைத்திருப்பார்கள். பிபிசிக்கு முறுக்கில்லாத கேபிள் வேண்டும். ஜம்பரை முதல் இடத்துக்கு மாற்றினேன். மின்சாரத்துக்குப் பழைய டிரைவின் கம்பியே பொருந்தியது. ஹெட்டை ஆல்கஹாலில் துடைத்துவிட்டு டிஸ்க்கைப் போட்டேன். கரகரவென்று சத்தம். திரையில் கோப்புப் பட்டியல்!

அதில் 'கடை' என்று ஒன்று. திறந்தால் முதல் வரியில் ஆங்கில எழுத்தில் 'அப்பா கடை கணக்கு'. எனக்குச் சுருக்கென்றது.

1988. ஒன்பதாம் வகுப்புப் பையன். அப்பாவுக்குப் பெட்டிக்கடை. பெயரை அடித்தால் கடன் பாக்கி எவ்வளவு என்று சொல்லும் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தான். "பாடத்தில் இல்லாததை எழுதி நேரத்தை வீணாக்குகிறாயா?" என்று வெளியே அனுப்பிவிட்டேன். என்ன எழுதினான் என்று படித்துக்கூடப் பார்க்கவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டான்.

இப்போது வரி வரியாகப் படித்தேன். நான் நடத்தாததை எல்லாம் கையேட்டைப் பார்த்துத் தானே கற்றிருக்கிறான்.

பழைய மாணவர் ஒருவரிடம் எண் வாங்கி அழைத்தேன். இப்போது அவர்தான் அந்தக் கடையைப் பார்த்துக்கொள்கிறார். விஷயத்தைச் சொல்லி, "அன்னைக்கு நான் செய்தது தப்புப்பா" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அதெல்லாம் விடுங்க சார். அதுல கூட்டுத்தொகை போடுற இடம் இன்னும் முடிக்கல சார், அப்படியே இருக்கா?" என்றார்.

இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு வருகிறார்.

வீட்டில் பழைய டிரைவ், பழைய டிஸ்க் கிடந்தால் காயலான் கடைக்குப் போடும் முன் ஒரு முறை யோசியுங்கள். ஆசிரிய நண்பர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன்: பையன் என்ன எழுதியிருக்கிறான் என்று அன்றைக்கே படித்துவிடுங்கள்.