சிற்றில்

நுழையும்முன்

பத்து, பதினொரு வயதுப் பிள்ளைக்கு எதைப் பரிசளிப்பது, எந்த நூலைக் கொடுப்பது, வீட்டில் எந்த இடத்தை ஒதுக்குவது? பார்வைக்கு எளியவையாகத் தோன்றும் இவ்வினாக்களுக்குள், ஒரு பிள்ளையை மதித்தல் என்னும் பெரும்பண்பு அடங்கியிருக்கிறது. தம்பி தங்கையருடன் வாழும் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

தறியோசையின் நடுவே

வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கிழக்கு நோக்கிப் பாயும் நொய்யலாறு, காவிரியைச் சேரும் முன் பல குளங்களை நிரப்பிச் செல்கிறது. அவற்றுள் ஒன்று சாமளாபுரம் குளம். அதை ஒட்டி அமைந்த சாமளாபுரம், திருப்பூர் மாவட்டம் பல்லடம் வட்டத்திலுள்ள பேரூராட்சி. மழை நன்கு பெய்த ஆண்டுகளில் குளத்தில் கொக்குகளும் நாரைகளும் நீர்க்காகங்களும் வந்திறங்கும். ஊருக்குள் நுழைந்தால் முதலில் கேட்பது விசைத்தறியின் ஓசை. அவ்வோசை திடீரென நின்றால், மின்சாரம் போயிற்று என்று உறங்கும் குழந்தையும் கண்விழிக்கும்.

அவ்வூரில் விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் வீடு. இரண்டே அறைகள், சுவரின் மறுபுறம் தறிக்குடோன். தந்தை அங்கே கூலிக்குக் காடாத் துணி நெய்கிறார். தாய் காலையில் வரும் வேனில் ஏறித் திருப்பூரிலுள்ள பனியன் கம்பெனிக்குச் செல்கிறார். செக்கிங் பிரிவில் வேலை. மகன் பதினொன்றாம் வகுப்பில் பயில்கிறான். தை மாதம் வந்தால் மகளுக்குப் பதினொரு வயது நிறையும்.

பிள்ளைகளின் அறை என்று தனியே சுட்ட அவ்வீட்டில் இடமில்லை. ஆயினும் அச்சிறுமிக்கு ஓர் அறை இருந்தது. கோன் நூல் வந்திறங்கிய அட்டைப்பெட்டி ஒன்று, கட்டிலுக்கு அடியில் அவளுடைய அறையாக விளங்கியது. நூல் தீர்ந்த காலிக் கோன்கள், பல நிற நூல்துண்டுகள், முனை உடைந்த தறிநாடா ஒன்று, குளக்கரையில் பொறுக்கிய பறவை இறகுகள் ஆகியவை அதற்குள் இருந்தன. ஒவ்வோர் இறகையும் ஒவ்வொரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தாள்.

பொங்கலுக்கு முன்பாக வீட்டைத் தூய்மை செய்வது வழக்கம். வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டும் நாளுக்குள் சுவருக்கு வெள்ளையடித்தாக வேண்டும். கிடைத்த ஒரே விடுமுறை நாளில் தாய் கட்டிலை நகர்த்தினார், பெட்டியைக் கண்டார், திறந்து பார்த்தார், கழிவுநூலோடு சேர்த்து வெளியே கொட்டினார். மாலையில் நெருப்பு மூட்டியபோது அதுவும் எரிந்தது.

பள்ளியிலிருந்து திரும்பிய சிறுமி கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். தன் பெட்டி எங்கே என்று கேட்டாள்.

“அந்தக் குப்பையையா கேக்கற கண்ணு?” என்றார் தாய்.

சிறுமி அழவில்லை, இரண்டு நாள் எவருடனும் பேசவில்லை. கரும்பையும் தொடவில்லை. தான் செய்த பிழை யாதெனத் தாய்க்கு விளங்கவில்லை. உழைத்துக் களைத்த உடம்போடு வீட்டை ஒழுங்குபடுத்திய அவரைக் குறைகூறவும் இயலாது. ஆனால், ஏதோ ஒன்று சிதைந்துபோனது என்பதை மட்டும் வீட்டில் எல்லோரும் உணர்ந்தனர்.

பெதும்பையின் வீடு

சிதைந்தது எது என்பதைத் தமிழ் இலக்கியம் நெடுங்காலத்துக்கு முன்பே பெயரிட்டு அழைத்திருக்கிறது. பாட்டியல் நூல்கள் பெண்ணின் பருவங்களை ஏழாகப் பகுத்து, 8 முதல் 11 வரையிலான வயதைப் பெதும்பை என்கின்றன. மழலையும் நீங்கிவிட்டது, இளமையும் முழுதாக வந்துசேரவில்லை. பொம்மையை நாணத்தோடு ஒளித்துவைக்கும் வயது அது. பெரியோர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கத் தொடங்கும் வயதும் அதுவே. ஆண்பிள்ளைக்கும் இந்த இடைப்பட்ட நிலை உண்டு.

பிள்ளைத்தமிழில் ஆண்பாற் பருவங்கள் பத்தனுள் ஒன்று ‘சிற்றில்’. தெருமணலில் சிறுவீடு கட்டி விளையாடும் சிறுமியர், பாட்டுடைத் தலைவனாகிய குழந்தையை நோக்கி, எம் வீட்டைச் சிதைத்துவிடாதே என வேண்டுவதாக அப்பருவம் அமையும். காண்பவருக்கு அது கால்பட்டால் கலையும் மணல், கட்டியவளுக்கோ வீடு. கட்டிலுக்கு அடியிலிருந்த அட்டைப்பெட்டியும் ஒரு சிற்றிலே. பரிசு, நூல், அறை ஆகிய மூன்றும் பிள்ளையின் சிற்றிலை அடையாளம் கண்டு அதற்கு அரண் செய்வதாக அமைதல் வேண்டும்.

இரண்டு பரிசுகள்

சிறுமியின் பிறந்தநாள் நெருங்கியது. அவளுக்கு ஏதேனும் வாங்குமாறு மாமன் அண்ணனிடம் பணம் கொடுத்திருந்தார். கடைத்தெருவில் பொருள்களுக்குக் குறைவில்லை. பளபளக்கும் பொம்மைகள் இருந்தன; ஆனால் அவள் அவற்றைக் கடந்துவிட்டாள். கைக்கடிகாரம், அலங்காரப் பொருள்கள் எல்லாம் இருந்தன. அவற்றுள் எதைக் கொடுத்தாலும் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வாள் என அவனுக்குத் தெரியும். எதனால் அவள் மனம் திறக்கும் என்பதுதான் தெரியவில்லை.

ஒருநாள் அவளுடைய பள்ளிப் பைக்குள் பேனாவைத் தேடியபோது ஒரு குறிப்பேடு அவன் கையில் அகப்பட்டது. அதன் கடைசிப் பக்கங்களில் நாள், இடம், நிறம் என மூன்று கட்டங்கள் வரைந்திருந்தாள். மதகு அருகே, வெள்ளை. பனைமரத்தடி, கறுப்பில் பச்சை மின்னுவது. இவ்வாறு இருபதுக்கும் மேற்பட்ட வரிகள். நான்காவதாக ஒரு கட்டமும் இருந்தது. அதன் தலைப்பு, பறவையின் பெயர். அக்கட்டம் பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தது.

எரிந்துபோன இறகுகளுக்குப் பின்னால் ஒரு வினா இருந்ததை அண்ணன் அப்போது அறிந்தான்.

இத்தகைய வினாவோடு வளர்ந்த சிறுவன் ஒருவனின் வரலாறு நாடறிந்தது. 1896ஆம் ஆண்டு பிறந்த சலீம் அலி, இளம்வயதிலேயே பெற்றோரை இழந்து மும்பையில் மாமா வீட்டில் வளர்ந்தார். விளையாட்டுத் துப்பாக்கி ஒன்று அவருக்குப் பரிசாகக் கிடைத்தது. ஏறத்தாழப் பத்து வயதில் அதனால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டார். கீழே விழுந்த குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறத் திட்டு இருந்தது. இது என்ன குருவி என்ற ஐயத்தோடு மாமாவிடம் சென்றார். அவருக்கும் விடை தெரியவில்லை. ஆனால், அவர் அந்த ஐயத்தைத் தட்டிக்கழிக்கவில்லை. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் சிறுவனை அனுப்பிவைத்தார்.

மில்லார்டு அது மஞ்சள்தொண்டைச் சிட்டு என்று கூறியதோடு நிற்கவில்லை. கழகத்தில் சேகரித்து வைத்திருந்த பறவைகளை அச்சிறுவனுக்குக் காட்டினார். பறவைகளைப் பற்றிய நூல்களைப் படிக்கக் கொடுத்தனுப்பினார். துப்பாக்கியும் பரிசுதான், படிக்கக் கிடைத்த நூலும் பரிசுதான். முன்னது ஒரு சிறுவனின் கைக்கு வேலை தந்தது. பின்னது அவனுடைய வினாவுக்கு வழி தந்தது. பின்னாளில் ‘இந்தியப் பறவைகள்’ பற்றிய புகழ்பெற்ற நூலை 1941இல் வெளியிட்ட சலீம் அலிக்கு 1976இல் பத்மவிபூஷண் விருது வழங்கப்பட்டது. அவருடைய பெயரால் 1990ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பறவையியல் மையம் சாமளாபுரத்திற்கு மேற்கே, கோவை மாவட்டத்து ஆனைகட்டியில் இயங்கிவருகிறது.

அவரவர்க்குரிய நூல்

அண்ணன் திருப்பூர்ப் புத்தகத் திருவிழாவுக்குச் சென்றான். அடுக்கிவைத்த நூல்களுக்கு நடுவே நின்றபோது மீண்டும் குழப்பம் சூழ்ந்தது. சிறுவர் நூல் என்ற பலகையின் கீழ் மூன்று வயதுக்குரியதும் பதின்மூன்று வயதுக்குரியதும் ஒன்றாகவே கிடந்தன.

இக்குழப்பத்திற்கு வழிகாட்டியவர் சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். கணிதம் கற்பித்து வந்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் உண்டு என்பதும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பதும் அவ்விதிகளுள் அடங்கும். நல்ல நூல் எது என்று கேட்பதைவிட, இந்தப் பிள்ளைக்குரிய நூல் எது என்று கேட்பதே அவர் காட்டும் நெறி.

தமிழில் அத்தகைய தேர்வுக்கு இடமுண்டு. அழ. வள்ளியப்பாவின் பாடல்களை வாய்விட்டுப் பாடிய குழந்தை, சற்று வளர்ந்தபின் வாண்டுமாமாவின் கதைகளிலும் படக்கதைகளிலும் உலகைச் சுற்றிவரலாம். சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய விருதை வழங்கிவருகிறது. அவ்விருதை 2020இல் பெற்ற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, தம் பாதுகாப்பைப் பற்றிப் பேசப் பிள்ளைகள் அஞ்ச வேண்டியதில்லை என்பதைக் கதையாக உணர்த்துகிறது. 2023இல் பெற்ற உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’, கீழடியின் பழங்காலத்திற்குள் சிறுவன் ஒருவனை அழைத்துச் செல்கிறது. பெதும்பைப் பருவம் இத்தகைய நூல்களுக்கு ஆயத்தமான பருவமாகும்.

நூலைத் தேர்ந்தெடுப்போர் சில செய்திகளை நினைவிற்கொள்ளலாம். பிள்ளை தானாகவே ஒரு பக்கத்தைப் படித்துப் பொருள் உணர இயல வேண்டும். அறிவுரை மிகுந்து கதை மெலிந்த நூல் விரைவில் மூடப்படும். தேர்வில் குறைந்த மதிப்பெண்ணை நினைவூட்டும் வகையில் கொடுக்கப்படும் நூல் பரிசாகாது. அது கண்டனத்திற்குச் சுற்றிய வண்ணத்தாள். கொடுத்தபின், படித்துவிட்டாயா என்று நாள்தோறும் வினவுவதும் தகாது.

அண்ணன் நெடுநேரம் புரட்டிப் பார்த்து, தமிழ்ப் பெயர்களோடும் வண்ணப் படங்களோடும் கூடிய பறவை நூல் ஒன்றை வாங்கினான். மீதிப் பணத்தில் கெட்டி அட்டையிட்ட குறிப்பேடு ஒன்றை வாங்கினான்.

கைக்கெட்டும் பலகை

நூல் வந்துவிட்டது, அதை எங்கே வைப்பது? மீண்டும் கட்டிலுக்கு அடியிலா?

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். குழந்தையால் தூக்க இயலும் நாற்காலி, அதன் கைக்கு எட்டும் பலகை, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் என்ற முறையை அங்கு அமைத்தார். 1939இல் இந்தியாவுக்கு வந்து சென்னை அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த அவர், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். ஒழுங்கு என்பது குழந்தையின்மேல் சுமத்தப்படுவதன்று; எடுக்கவும் திரும்ப வைக்கவும் இயலும் இடம் கிடைத்தால் குழந்தை தானே அதைப் பழகிக்கொள்ளும் என்பது அவருடைய கண்டறிவு. அதற்குத் தனியறை வேண்டுவதில்லை. தனக்கென ஓரிடம் போதும்.

நடந்ததை அண்ணன் தந்தையிடம் கூறினான், குறிப்பேட்டையும் காட்டினான். தந்தை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஷிப்டு முடிந்ததும், பழைய தறியிலிருந்து கழற்றிப்போட்ட இரண்டு பலகைகளை எடுத்து இழைத்தார். மகளை அழைத்து நிற்கவைத்து, அவள் கை எட்டும் உயரத்தைச் சுவரில் கரிக்கோட்டால் குறித்தார். அந்த உயரத்தில் இரு பலகைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தன. தூசி படியாமலிருக்கத் தாய் காடாத் துணியில் சிறு திரை தைத்துக் கட்டினார். இறகுகளை வைக்கப் பனியன் அட்டைப்பெட்டி ஒன்றும் கொண்டுவந்தார். மன்னிப்பு என்ற சொல் அவ்வீட்டில் எவர் வாயிலிருந்தும் வரவில்லை. அதற்குரிய செயல் நிகழ்ந்துவிட்டது.

பிறந்தநாளன்று சிறுமி பறவை நூலைப் பிரித்தாள். குறிப்பேட்டின் நான்காவது கட்டத்தில் அன்று மாலைக்குள் ஐந்து பெயர்கள் எழுதப்பட்டன. ஆறாவது பெயர் உறுதியாகத் தெரியவில்லை. அதற்கு நேரே ஒரு கேள்விக்குறி இட்டாள்.

அடுத்த ஆண்டுப் பொங்கல் வந்தது. வெள்ளையடிக்கும் வேலை தொடங்கியது. வீடு முழுவதையும் பெருக்கி வந்த தாய், பலகையின் முன் துடைப்பத்தோடு நின்றார்.

“கண்ணு, உன்ற பலகைய நீயே தொடைச்சுக்கறயா?” என்று கேட்டார்.

சிறுமி வந்து திரையை விலக்கினாள். ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தாள். பூச்சி அரித்த இரண்டு இறகுகளைத் தானே தனியாக எடுத்து, குப்பைக்கூடையில் இட்டாள்.