நிலைத்த மதியும் நிலையாத வீடும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தின் மேற்குப் புறத்தே குவார்ட்சைற் என்றொரு சிற்றூர் உண்டு. கோடையில் அனல் வீசும் அப்பாலை நிலத்துக்கு, மாரி தொடங்கியதும், வடபுலத்துப் பனிக்கு அஞ்சிய முதியோர் பல்லாயிரவர் தம் மோட்டார் வீடுகளுடன் வந்து சேர்கின்றனர். ஊருக்குத் தெற்கே, லா போசா என்னும் அரச நிலத்தில், அனுமதிச் சீட்டுப் பெற்றோர் செப்டெம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்கலாம். அங்கே மின்கம்பி இல்லை. கூரையிலுள்ள சூரியத் தகடுகளும் பற்றரிகளுமே துணை.

ஒரு தை மாதத்தில் நண்பரின் வண்டியில் நாமும் அங்கு தங்கினோம். அடுத்த வண்டியில் வயோதிப மாது ஒருவர் இருந்தார். கணவரை இழந்தபின் அவர் தனியே வந்த முதல் மாரி அது. தண்ணீர், பற்றரி, சமையல் யாவும் அவருக்குக் கைவந்தவை. தொலைக்காட்சிக்குரிய டிஷ் அன்ரெனாவை நிறுவுவது மாத்திரம் கணவரின் வேலையாக இருந்ததாம். மூன்று நாள் முயன்றும் படம் வரவில்லை.

“இருட்டியபின் ஒரு மனிதக் குரல் கேட்டாற் போதும்” என்று அவர் கூறியபோது எம்மால் வாளா இருக்க முடியவில்லை.

தொலைக்காட்சிச் செய்மதிகள் பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 35,800 கிலோமீற்றர் உயரத்தில், பூமியின் சுழற்சிக்கு இசையச் சுற்றுவதால், வானில் ஓரிடத்தில் நிற்பன போலவே தோன்றும். 1956இல் இலங்கைக்கு வந்து, கொழும்பிலேயே வாழ்ந்து மறைந்த ஆர்தர் சி. கிளார்க், அவ்வுயரத்தில் ஒலிபரப்பை அஞ்சல் செய்யும் நிலையங்களை அமைக்கலாமென 1945இலேயே எழுதியிருந்தார். நம் நாட்டில் இக்கிண்ணம் பெரும்பாலும் உச்சிவானை நோக்கும். குவார்ட்சைற்றிலோ தென்திசையில், அடிவானிலிருந்து சுமார் 50 பாகை உயரத்தை நோக்கவேண்டும். மதி அசையாது, வீடுதான் அசைகிறது. ஆதலின் வண்டி நிற்கும் இடந்தோறும் அதனைப் புதிதாய்த் தேடவேண்டும்.

கணவரின் குறிப்பேட்டில் அவ்வூருக்குரிய பாகைகள் இருந்தன. அங்கே காந்த வடக்கு மெய் வடக்கிலிருந்து 10 பாகைக்கு மேல் கிழக்கே விலகுவதையும் அவர் கணக்கிற் கொண்டிருந்தார். நாம் முக்காலியை மட்டமாக நிறுத்தி, காற்றிற் சாயாதிருக்க நீர்க்கலங்களைக் கட்டித் தொங்கவிட்டு, குறிப்பின்படியே கிண்ணத்தைத் திருப்பினோம். திரை இருண்டே கிடந்தது. மரக்கிளை மறைக்கிறதோ என்று இடம் மாற்றினோம், பயனில்லை.

ஒரு மணி நேரத்தின் பின்பே எமது பேதைமை விளங்கிற்று. திசைகாட்டியை வண்டியின் அருகில் வைத்தல்லவா பார்த்தோம்! வண்டியின் இரும்பு ஊசியை இழுத்திருந்தது. இருபது அடி அப்பாற் சென்று திசையறிந்து, கிண்ணத்தை மெல்ல மெல்லத் திருப்பினோம். திரையிற் சமிக்ஞைக் கோடு உயர்ந்தது; செய்தி வாசிப்பவரின் குரலும் கேட்டது.

அம்மாது அமர்ந்து கேட்பார் என்றெண்ணினோம். அவரோ எழுந்து சென்று கிண்ணத்தைக் கழற்றி மண்ணில் வைத்தார்.

“நாளை நீங்கள் போய்விடுவீர்கள். இனி நான் செய்கிறேன், பார்த்திருங்கள்” என்றார்.

கைவிளக்கின் ஒளியில் இருமுறை தவறினார். மூன்றாம் முறை படம் வந்தது. பின்னர் குறிப்பேட்டைத் திறந்து, கணவரின் எழுத்துக்குக் கீழே, “வண்டியிலிருந்து இருபது அடி தள்ளி” என்று தம் கையால் எழுதிக்கொண்டார்.