நோபல் பரிசும் நாம் கட்டிய பந்தயமும்

புரட்டாசி பிறந்து, கொலுப் பொம்மைகள் பரணிலிருந்து இறங்கும் காலத்தில், தோப்பும்படியில் நம்மைப் போன்ற சிலருக்கு மற்றொரு விசேஷமும் வந்துவிடுகிறது. இவ்வாண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசு எவருக்குக் கிடைக்கும் என்னும் ஆராய்ச்சியே அது. நாமோ இரயில்வேயில் ஓர் எழுத்தர். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். இவ்வாராய்ச்சிக்கு நமக்கென்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். தகுதி ஒன்றும் இல்லை, ஆசைதான் உண்டு.

எரணாகுளத்தில் வேலை முடித்து, வில்லிங்டன் தீவு வழியாகப் பாலங்களைக் கடந்து வீடு திரும்பும் மாலைகளில், தேநீர்க் கடை ஒன்றில் மூவர் கூடுவது வழக்கம். ஒருவர் மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் விற்கும் மண்டியில் கணக்கெழுதும் அண்ணாச்சி. இன்னொருவர் கோட்டைக் கொச்சியில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, இன்று பள்ளி ஆசிரியராக உயர்ந்துள்ள தம்பி. மூன்றாமவர் நாம். பந்தயத்தில் தோற்றவர் ஜெயித்தவருக்குச் சாயாவும் பழம்பொரியும் வாங்கித் தர வேண்டும் என்பது நமது சட்டம்.

நமது ஊரில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. படகு கரை சேர்ந்து, மீனைக் கண்ணால் கண்ட பிறகே அங்கே ஏலம் கூறுவார்கள். நோபல் விஷயத்திலோ படகு கண்ணுக்குத் தெரியுமுன்பே ஏலம் தொடங்கிவிடுகிறது. இலண்டனில் பந்தயம் பிடிக்கும் நிறுவனங்கள் எழுத்தாளர் பெயர்களை வரிசைப்படுத்தி, குதிரைகளுக்கு விலை கூறுவது போல் விலை கூறுகின்றன. பத்திரிகைகளும் அதை எடுத்துப் போடுகின்றன. நாமும் அதைப் படித்துவிட்டு மேதாவிகளாகிவிடுகிறோம்.

2025ஆம் ஆண்டுப் பந்தயத்தில் அண்ணாச்சி சல்மான் ருஷ்டியின் பெயரைச் சொன்னார். 1995இல் வெளிவந்த ‘மூரின் கடைசிப் பெருமூச்சு’ என்னும் நாவலில், நமது கொச்சியின் மிளகு வியாபாரக் குடும்பம் ஒன்றின் கதையை ருஷ்டி எழுதியிருக்கிறார். மட்டாஞ்சேரி யூதக் கோயிலின் தரையில் பதித்த நீல ஓடுகளும் அதில் வருகின்றன. “நம் மண்டி வாசனை உள்ள புத்தகம், விட்டுவிட முடியுமா?” என்றார் அண்ணாச்சி. தம்பி ஜப்பானின் ஹாருகி முரகாமி பக்கம் நின்றார். ஆண்டுதோறும் பட்டியலில் வந்து ஆண்டுதோறும் ஏமாறுகிறவர் அவர் என்பதால் தம்பிக்கு இரக்கம். நாம் மட்டும், “பெருமாள்முருகன்” என்று மேசையைத் தட்டிச் சொன்னோம். அவருடைய ‘பூக்குழி’யின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023இல் சர்வதேசப் புக்கர் பரிசின் 13 நூல்கள் கொண்ட நெடும்பட்டியலில் இடம்பெற்றதல்லவா? அப்பட்டியலில் ஏறிய முதல் தமிழ் நாவல் அதுவே. தமிழன் தமிழனுக்காகப் பந்தயம் கட்டாவிட்டால் வேறு யார் கட்டுவார்?

இவ்விடத்தில் பரிசு கொடுக்கப்படும் முறையைச் சிறிது சொல்லிவிடுவது நலம். ஆல்பிரட் நோபல் 1895இல் எழுதிய உயிலின்படி 1901 முதல் இப்பரிசு வழங்கப்படுகிறது. தீர்மானிப்பது ஸ்டாக்ஹோமிலுள்ள ஸ்வீடிஷ் அகாடமி. அதன் நாற்காலிகள் 18. இலக்கியப் பேராசிரியர்களும், எழுத்தாளர் சங்கத் தலைவர்களும், முன்பு பரிசு பெற்றோரும் ஜனவரி 31க்குள் பெயர்களை அனுப்பலாம்; தம் பெயரைத் தாமே அனுப்பிக்கொள்ள இயலாது. வந்த பெயர்கள் படிப்படியாகக் குறைந்து ஐந்தாகின்றன. கோடையில் அந்த ஐவரின் நூல்களை உறுப்பினர்கள் படிக்கிறார்கள். அக்டோபரில் வாக்களிக்கிறார்கள். டிசம்பர் 10 அன்று பரிசு வழங்குகிறார்கள்.

இரயில்வேயில், காத்திருப்போர் பட்டியலில் தமக்கு எத்தனையாவது இடம் என்று பயணி கேட்டால் உடனே சொல்லிவிடலாம். ஸ்டாக்ஹோம் பட்டியலைப் பார்க்க 50 ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும். ஆகவே, “இன்னார் பெயர் இவ்வாண்டு பரிந்துரையில் இருக்கிறது” என்று எவரேனும் உறுதி கூறினால் அதை வதந்தி என்றே கொள்க. திருத்தணியில் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் இலக்கியப் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டார் என்பதை அந்தப் பழைய ஏடுகள் திறந்த பிறகே உலகம் ஐயமற அறிந்தது.

2025 அக்டோபர் 9, வியாழக்கிழமை. நம் நாட்டு நேரப்படி மாலை 4.30 மணிக்குப் பிறகு செய்தி வெளியாயிற்று. ஹங்கேரி நாட்டு லாஸ்லோ கிராஸ்நஹோர்கை என்பவருக்குப் பரிசு. அப்பெயரை மூவரும் அன்றுதான் கேள்விப்பட்டோம். 2015லேயே சர்வதேசப் புக்கர் பரிசைப் பெற்றவர் அவர் என்பதை மறுநாள் செய்தித்தாளில் படித்து வெட்கப்பட்டோம். முந்திய ஆண்டு கொரியாவின் ஹான் காங் பெற்றபோதும் நம் மூவர் கணக்கும் பொய்த்தே போயிற்று. மூவரும் தோற்றதால் பழம்பொரிக் கணக்கை மூன்றாகப் பங்கிட்டோம்.

அன்று பழம்பொரிக்காக நம் மகளும் உடன் வந்திருந்தாள். மலையாளப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், எழுதப் படிக்கத் தெரியாது. அவள் கேட்டாள்:

“அப்பா, நீங்கள் பந்தயம் கட்டினீர்களே, அவர் எழுதிய எந்தப் புத்தகத்தைப் படித்தீர்கள்?”

“‘பூக்குழி’ என்று ஒன்று...” என்று இழுத்தோம்.

“அதில் என்ன கதை?”

நமக்குத் தெரிந்ததெல்லாம் அந்நூலைப் பற்றிச் செய்தித்தாளில் வந்த பத்து வரிதான். நூலை நாம் கண்ணால் கண்டதுகூட இல்லை. நம் திகைப்பைப் பார்த்து மகள் இரங்கினாள் போலும். “இங்கிலீஷில் இருக்கிறதென்றால் வாங்கித் தாருங்கள் அப்பா. நான் படித்து உங்களுக்குக் கதை சொல்கிறேன்” என்றாள். அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். நம்மால் சிரிக்க முடியவில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. தமிழ் நூலைப் படிக்க ஸ்டாக்ஹோமில் இருக்கும் அறிஞருக்கு ஆங்கிலமோ ஸ்வீடிஷோ வேண்டும்; அதில் வியப்பில்லை. தோப்பும்படியில், தமிழ் பேசும் வீட்டில், தமிழ்த் தாயின் மடியில் வளர்ந்த நம் மகளுக்கும் அதே ஆங்கிலம் வேண்டியிருக்கிறது! பரிசுக் குழுவும் நம் பிள்ளையும் தமிழுக்கு ஒரே தூரத்தில் நிற்கிறார்கள் என்றால், அக்குறை எவருடையது?

மொழிபெயர்ப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. நாம் சிறுவனாயிருந்தபோது விடுமுறைகளில் தென்காசியிலிருந்து கொச்சிக்கு வருவோம். நம் தந்தையார் மட்டாஞ்சேரியில் வேலையில் இருந்தார். செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை மீட்டர் பாதை. கொல்லத்திலிருந்து அகலப் பாதை. முன்னதில் தண்டவாளங்களின் இடைவெளி 1000 மில்லிமீட்டர், பின்னதில் 1676. அந்த வண்டி இந்தப் பாதையில் ஓடாது. எனவே கொல்லத்தில் இறங்கி, தலையணையும் தகரப் பெட்டியும் முறுக்குச் சம்படமுமாக வேறு வண்டிக்கு மாற வேண்டும். மாறும்போது முறுக்கு நொறுங்கும். சில சமயம் ஒரு பை காணாமலும் போகும். ஆயினும் மாறாவிட்டால் ஊர் வந்து சேர முடியாது. மலைப்பாதையும் அகலமாகி 2018இல் திறக்கப்பட்டது. இப்போது வண்டி மாறாமலே வரலாம். மொழிகளுக்கிடையே அவ்வித வசதி இன்னும் ஏற்படவில்லை.

தாகூர் 1910இல் வங்கத்தில் வெளியிட்ட ‘கீதாஞ்சலி’யோடு வேறு சில நூல்களின் பாடல்களையும் சேர்த்து, 103 பாடல்களைத் தாமே ஆங்கில வசனமாக்கினார். அது 1912இல் இலண்டனில் வெளியாயிற்று. மறு ஆண்டே நோபல் பரிசு வந்தது. 2022இல் கீதாஞ்சலி ஸ்ரீயின் ஹிந்தி நாவலும், 2025இல் பானு முஷ்தாக்கின் கன்னடச் சிறுகதைகளும் சர்வதேசப் புக்கர் பரிசை வென்றன. அப்பரிசின் 50,000 பவுனை எழுதியவரும் மொழிபெயர்த்தவரும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். டெய்சி ராக்வெலும் தீபா பாஸ்தியும் அவ்வாறு பங்கு பெற்றவர்கள். இது மிக நியாயமான ஏற்பாடு.

ஆனால் வண்டி மாற்றுவதற்கு முதலில் ஏற்றிய சரக்கு வேண்டுமல்லவா? ஐசக் பாஷெவிஸ் சிங்கர் 1935இல் போலந்திலிருந்து அமெரிக்கா சென்றவர். நியூயார்க்கில் குடியேறிய யூதர்களுக்காக நடந்த இத்திஷ் மொழிப் பத்திரிகையில் ஆண்டுக்கணக்கில் கதை எழுதினார். அந்தப் பத்திரிகையை வாங்கியவர்கள் நம்மைப் போன்ற எளிய குடும்பத்தார். அவர்கள் வாங்கிப் படித்ததால் அவர் எழுதினார். எழுதியதால் பிறர் மொழிபெயர்த்தார்கள். 1978இல் நோபல் பரிசு வந்தது.

கென்யாவின் கூகி வா தியாங்கோ ஆங்கிலத்தில் புகழ் பெற்ற பின்னர்த் தம் தாய்மொழியான கிகூயுவுக்குத் திரும்பினார். அம்மொழியில் நாடகம் போட்டதற்காகச் சிறைப்பட்டு, சிறையில் மலங்கழித்தபின் துடைக்கும் காகிதத்தில் கிகூயு நாவல் எழுதினார். 2010இல் அவருக்கே நோபல் என்று பலர் அடித்துச் சொன்னார்கள். பரிசு பெரு நாட்டு மாரியோ வர்காஸ் யோசாவுக்குப் போயிற்று. கூகி 2025 மே மாதம் பரிசு பெறாமலே காலமானார். அதனால் அவர் எழுதிய கிகூயு வீணாயிற்றா? அம்மக்களின் பிள்ளைகள் படிக்கும் வரையில் வீணாகாது.

நமக்கு அருகிலேயே ஓர் உதாரணம் உண்டு. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்த ஆ. மாதவன் பள்ளியில் படித்தது மலையாளம். தமிழைத் தாமே முயன்று கற்று, அக்கடைத்தெருவின் கதைகளைத் தமிழில் எழுதினார். 2015இல் அவருக்குச் சாகித்திய அகாடமி விருது கிடைத்தது. அவரால் முடிந்ததை நம் பிள்ளைகளுக்கு நாம் தொடங்கிக்கூடக் கொடுக்கவில்லையே என்று நெஞ்சு உறுத்தியது.

நம் வீட்டில் அதே பழைய தகரப் பெட்டி இருக்கிறது. தென்காசியிலிருந்து நம் தாயார் தந்தையாருக்கும், பின்னர் நமக்கும் எழுதிய கடிதங்கள் அதில் உள்ளன. தாயார் காலமாகிச் சில ஆண்டுகளாகின்றன. பெருமாள்முருகனை மொழிபெயர்க்க ஆள் உண்டு. நம் தாயாரின் கடிதங்களை எவரும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப் போவதில்லை. நமக்குப் பின் இவ்வீட்டில் அவற்றைப் படிக்க ஒருவரும் இல்லை. பந்தயத்தில் தோற்றால் போவது பழம்பொரிக் காசு. இதில் தோற்றால் போவது அந்தப் பெட்டி.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பெட்டியைத் திறந்தோம். மகளுக்கு எழுத்துக்களைச் சொல்லிக் கொடுத்தோம். மலையாளத்தில் நான்கு ககரம் படித்தவள், “இது ஒன்றை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எப்படி வாசிப்பது?” என்று மலைத்தாள். சொல்லைக் காதால் கேட்டவளுக்கு ஓசை தானே வரும் என்றோம், வந்தது. சில வாரங்களுக்குப் பின் ஒரு கடிதத்தின் முதல் வரியை அரை மணி நேரம் கூட்டிக் கூட்டிப் படித்தாள். குற்றாலத்தில் சாரல் தொடங்கிய செய்தி அது. படித்து முடித்ததும், “ஆச்சி தப்பாக எழுதியிருக்கிறார்கள் அப்பா. ‘மளை’ என்று இருக்கிறது. ‘மழை’ அல்லவா?” என்றாள். மலையாளப் பள்ளியில் பழகிய அந்த ழகரம் நம் நாவில்கூட அவ்வளவு சுத்தமாக வராது. ஆச்சி பேசியபடியே எழுதுவார்கள் என்று விளக்கினோம். “அப்படியானால் ஆச்சியின் குரல் எனக்குக் கேட்டுவிட்டது” என்றாள் மகள்.

‘பூக்குழி’யை வாங்கி நாமும் படித்துவிட்டோம். அடுத்ததாக அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ எடுத்து வைத்திருக்கிறோம். அவரும் இரயில்வே ஊழியரின் மகன். செகந்திராபாத்தில் பிழைக்கச் சென்ற தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்தவர். அவர் 2017இல் மறைந்துவிட்டதால் இனி எப்பந்தயத்திலும் அவர் பெயர் வராது. மறைந்தவர்களுக்கு நோபல் கிடையாது. படிப்பதற்கு அது ஒரு தடையும் அன்று.

நம் பந்தயச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறோம். எவர் பெயரைச் சொல்கிறோமோ அவருடைய ஒரு நூலையேனும் படித்திருக்க வேண்டும். படிக்காதவர் பெயர் சொல்லலாகாது. அண்ணாச்சி ருஷ்டியின் நாவலை வாங்கி, அகராதியோடு பத்துப் பக்கம் கடந்திருக்கிறார். தமிழ்ச் சங்கத்து அன்பர்களும் அவரவர் வீட்டில் இச்சட்டத்தை அமல் செய்து பார்க்கலாம். பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கப் புத்தகம் கிடைக்கவில்லையே என்று தயங்க வேண்டாம். பழைய கடிதம் ஒன்று எந்த வீட்டிலும் இருக்கும், அதிலிருந்தே தொடங்கலாம்.

அடுத்த அக்டோபரில் பந்தயத்தில் தானும் சேர்வதாக நம் மகள் சொல்லியிருக்கிறாள். எவர் பெயரைச் சொல்வாள் என்று கேட்டோம். படித்த பிறகு சொல்வதாகப் பதில் வந்தது.