வாயில் காப்போர்

வெகுசனத் தொடர்பியல் பயில்வோர் முதலில் எதிர்கொள்ளும் கோட்பாடுகளுள் 'வாயில் காப்போன்' கோட்பாடும் ஒன்றாகும். உளவியலறிஞர் லெவின் வழங்கிய கருத்தைச் செய்தித்துறைக்குப் பொருத்தி, டேவிட் மானிங் வைற் 1950இல் ஓர் ஆய்வினை வெளியிட்டார். அமெரிக்கச் சிறுநகர்ப் பத்திரிகையொன்றின் ஆசிரியர், ஒரு வாரகாலம் தாம் ஒதுக்கிய செய்தித்தாள்களில் அதற்கான காரணத்தை எழுதிவைத்தார். இடமின்மை அவற்றுள் ஒன்று.

திருகோணமலைத் துறைமுகத்தருகே வளர்ந்த எனக்கு இதனைப் படிக்குந்தோறும் வேறொரு வாயிலே எண்ணத்தில் எழுகின்றது. 2006 ஜனவரி 2ஆம் நாள் எம் நகரக் கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்ததென்றது படைத்தரப்பு. 'சுடர் ஒளி'யின் பகுதிநேரச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் பிரேத அறையில் எடுத்த படங்களோ துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. படங்கள் பத்திரிகையில் வெளிவந்தன. அம்மாதம் 24ஆம் நாள், வேலைக்குச் செல்லப் பேருந்துக்காகக் காத்துநின்ற அவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

விரிவுரைக் குறிப்புகளில் வாயில் என்பது பத்திரிகாலய மேசையே. இங்கோ அது தெருவில் இருந்தது. அதனைக் காத்தோர் காரணம் எதனையும் எழுதிவைக்கவில்லை. பிற்கால ஆய்வாளர் அரசு முதலிய புறச்சக்திகளையும் கோட்பாட்டினுட் சேர்த்தனர் என்பது மெய்யே. ஆயினும் 'புறச்சக்தி' என்னும் சொல் மிக மெலிந்ததாகவே எனக்குப் படுகின்றது.

மாணவர் கொலை வழக்கின் சந்தேகநபர்கள் 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டனர். செய்தியாளர் கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. வைற்றின் முறை ஒதுக்கப்பட்ட தாள்களை எண்ணுவது. அந்த ஜனவரிக்குப் பின், அச்சத்தால் எழுதப்படாமலே போன செய்திகளுக்குத் தாள் ஏது?