அப்பாவின் காதும் என் கால்குலேட்டரும்

நண்பர்களே, வால்வு என்றதும் உங்களில் பாதிப் பேருக்கு சைக்கிள் டியூப்தான் ஞாபகம் வந்திருக்கும்! நான் சொல்ல வருவது கண்ணாடிக் குமிழுக்குள் செக்கச்செவேல் என்று இழை எரியுமே, அந்த ரேடியோ வால்வு. நாம் லேபில் தொடுவதெல்லாம் டிரான்சிஸ்டரும் ஐ.சி.யும்தான். அவற்றுக்கெல்லாம் மூத்த அண்ணன் இந்த வால்வு. 1906-ல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் மூன்று முனை வால்வைச் செய்தார். 1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதற்குப் பிறகும் பல வருஷம் வால்வுதான் ராஜா. 1960-களில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமே வால்வு தயாரித்தது. கல்யாணம், காதுகுத்து, கோயில் பொங்கல் என்று ஊரெல்லாம் பாடியது அந்தக் குமிழ்கள்தான்.

அப்படி ஒரு ஆம்ப்ளிஃபயர் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. திருச்சுழிப் பக்கம் ஒரு கரிசல்காட்டுக் கிராமம் எங்களுடையது. அப்பாவுக்கு ரேடியோ செட் தொழில். தாத்தா வாங்கிய ஆம்ப்ளிஃபயர் அது. கம்பெனிப் பெயர் எழுதிய தகடு எப்போதோ விழுந்துவிட்டது. அப்பா மூன்றாம் வகுப்போடு மாடு மேய்க்கப் போனவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்து காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான், அதுவும் பொம்பளப்பிள்ளை.

போன வருஷம் அந்த ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு வியாதி வந்தது. அதில் மைக்குக்கு ஒரு குமிழ், பாட்டுக்கு ஒரு குமிழ். மைக்கில் யாராவது பேசும்போது அப்பா பாட்டை நிறுத்தமாட்டார், குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பி வைப்பார். ஆனால் பூஜ்யத்தில் வைத்தாலும் பின்னால் பாட்டு மெதுவாகக் கசிந்துகொண்டே இருந்தது.

கல்யாண வீட்டில் யாரும் கண்டுகொள்ளவில்லை. கேத வீட்டில்தான் மானம் போனது. ஒரு பாட்டி மைக்கைப் பிடித்து ஒப்பாரி வைக்கிறார், பின்னால் சினிமாப் பாட்டு முனகுகிறது! "ஏம்ப்பா, பாட்டை நிப்பாட்டுப்பா" என்று சத்தம் போட்டார்கள். நிப்பாட்டித்தான் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அப்பா வயரையே பிடுங்கிவிட்டார். அடுத்த இரண்டு விசேஷத்துக்கு எங்களைக் கூப்பிடவில்லை. "பழைய இரும்புக்குப் போட்டுரலாம்" என்று ஒரு ராத்திரி அப்பா சொன்னார். தாத்தா ஞாபகமாக இருந்த ஒரே பொருள் அது. "லீவுக்கு வர்றேன்ப்பா, ஒருவாட்டி பார்த்துட்டு முடிவு பண்ணுவோம்" என்றேன்.

"முந்நூறு வோல்ட் ஓடுது தாயி, கை வைக்காத" என்று பயந்தார். பயப்பட வேண்டிய இடம்தான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட்டட் கிளிப்பில் மாட்டி அதை வடியவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் விரலை உள்ளே விட்டேன். நீங்களும் தனியாக இருக்கும்போது திறக்காதீர்கள்.

முதலில் வெளியிலிருந்தே சில கேள்விகள் கேட்டேன். பாட்டு வயரைக் கழற்றினால் கசிவு நின்றது. ஆகவே இது வானொலி நிலையம் புகுந்து பாடுவதல்ல. பிறகு மைக் குமிழைக் குறைத்தேன், கசிவும் குறைந்தது, கூட்டினேன், கூடியது. அப்படியானால் பாட்டுக் குமிழ் தேய்ந்ததால் வரும் கோளாறு இல்லை. பாட்டு எப்படியோ மைக் பாதைக்குள் புகுந்து வருகிறது!

எந்த வழியாக? மைக்குக்கும் பாட்டுக்கும் ஒரே 12ஏஎக்ஸ்7 வால்வு. ஒரு குமிழுக்குள் இரண்டு வால்வு இருக்கும் வகை அது. ஒரு பாதி மைக்குக்கு, மறு பாதி பாட்டுக்கு. அப்பாவின் பெட்டியிலிருந்த நல்ல வால்வை மாற்றிப் போட்டேன், கசிவு போகவில்லை. மைக் பிளக்கில் இரண்டு முனையையும் ஷார்ட் செய்து சொருகினேன். அப்போது வால்வின் வாசலான கிரிட் பூமியோடு சேர்ந்துவிடும். பக்கத்து வயரிலிருந்து எதுவும் ஏற முடியாது. அப்போதும் பாட்டு வந்தது!

இங்கேதான் அப்பா வாயைத் திறந்தார். "தாயி, வயர் வயரோட ஒட்டிக் கிடந்தா கீச்சுன்னு சல்லிச் சத்தம் மட்டுந்தான் ஏறும். இது அப்படி இல்ல. உறுமி கேக்குது, பாடுறவன் கேக்கல."

நான் கால்குலேட்டரை எடுத்தேன். இரண்டு வயருக்கு நடுவே 10 பிக்கோஃபாரட் இருந்தால், 10,000 ஹெர்ட்ஸில் அதன் தடை சுமார் 16 லட்சம் ஓம். 100 ஹெர்ட்ஸில் அதைப்போல 100 மடங்கு, அதாவது 16 கோடி ஓம்! கீச்சுச் சத்தம் தாண்டும், உறுமி தாண்டாது. அப்பா ஃபார்முலா தெரியாமலே சரியாகச் சொல்லியிருக்கிறார். அப்படியானால் உறுமிக்கு வழிவிடுவது எது?

வால்வின் இரண்டு பாதிக்கும் மின்சாரம் ஒரே இடத்திலிருந்து போகிறது. அந்த இடத்தில் ஒரு 16 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். 100 ஹெர்ட்ஸில் அதன் தடை வெறும் 100 ஓம். பாட்டின் ஆட்டத்தையெல்லாம் அது பூமிக்கு அனுப்பிவிடும், பக்கத்துப் பாதிக்கு எட்டவிடாது. அதைக் கழற்றி நம் லேபில் அளந்தபோது மிச்சமிருந்தது 0.4 மைக்ரோஃபாரட்! தடை 100 ஓமிலிருந்து 4,000 ஓமாகிவிட்டது. சுருதி இறங்க இறங்க இந்தத் தடை கூடும். ஆகவே கனத்த சத்தம்தான் அதிகமாகக் கசியும். அப்பா சொன்ன உறுமி!

அவருக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். "கண்மாய் நிறைஞ்சு கிடந்தா ஒரு ஆள் வாளியில மொண்டா அந்தக் கரைக்குத் தெரியாதுல்லப்பா? வத்திப்போயி குட்டையா கிடந்தா?" "இங்க மொண்டா அங்க தெரியும்" என்றார் உடனே. "அதான்ப்பா. கண்டன்சர் வத்திப்போச்சு."

வற்றாமல் என்ன செய்யும்? அந்தக் கெப்பாசிட்டருக்குள் இருப்பது ஒரு திரவம். 10 டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸில் ஒரு கணக்கு. தகரக் கூரை, அருப்புக்கோட்டை வெயில், பக்கத்திலேயே எரியும் வால்வுகள்... வெளிக்கூடு மட்டும் அப்படியே பளபளவென்று இருக்கும். தண்ணீர் இல்லாத கண்மாய்க்குக் கரை மட்டும் நிற்பதுபோல!

மதுரையில் 22 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் ஒன்று வாங்கி, பிளஸ் மைனஸ் பார்த்து வைத்துப் பற்றவைத்தேன். சுவிட்சைப் போட்டு வால்வு சூடாகும்வரை இருவரும் பேசவில்லை. அப்பா பாட்டைப் பூஜ்யத்தில் வைத்தார், மைக்கை முழுசாகக் கூட்டினார், ஸ்பீக்கரில் காதை வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவில்லை. "ஒண்ணுமே இல்ல தாயி" என்றார். மூடுவதற்கு முன் உள்பக்கத் தகட்டில் தேதியும் என் பேரும் எழுதச் சொன்னார். இன்றைக்கும் வேலைக்குப் போய் வருகிறது அந்த ஆம்ப்ளிஃபயர்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் நாம்தான் முதல் படிப்பு. உங்கள் அப்பா அருப்புக்கோட்டையில் தறி ஓட்டலாம், அம்மா மல்லிகைத் தோட்டத்து மோட்டாரின் சத்தத்தை வைத்தே கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று சொல்லலாம். அடுத்த லீவில் கால்குலேட்டரை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். ஆனால் முதலில் அவர்கள் காதில் என்ன கேட்கிறது என்று கேளுங்கள். கணக்கை எங்கே தொடங்குவது என்று அவர்கள் காட்டிவிடுவார்கள்!