நாற்பது முடிந்தது, ஆசை ஏன் திரும்பவில்லை?



வெட்கத்தின் காரணமாக நம் குடும்பங்களில் பேசப்படாத ஒன்றை இங்கே பேச விழைகிறோம். மார்க்கத்தை அறிந்துகொள்வதற்கு வெட்கத்தைத் தடையாக்கிக் கொள்ளாத அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள்.

நம் திருத்தணி ஆந்திர எல்லையில் உள்ள ஊர். நகரி, புத்தூர் பக்கமிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வரும் பெண்கள் தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்கிறார்கள். நாற்பதாம் நாள் குளிப்பு முடிந்து குழந்தையோடு திரும்புகிறார்கள். சில வீடுகளில் அதன் பிறகே மனக்கசப்பு தொடங்குகிறது. மனைவி விலகிப் படுக்கிறாள்; கணவர் வாடிப்போகிறார். "தாய்வீடு போய் வந்ததிலிருந்து மாறிவிட்டாள்" என்ற பேச்சு எழுகிறது. "அவர் மீது எனக்கு அன்பு குறைந்துவிட்டதா?" என்று மதரஸாவில் நம்மிடம் கண்கலங்கிக் கேட்கும் சகோதரிகளும் உண்டு.

குறைந்தது அன்பன்று. கருவுற்ற மாதங்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன்கள் மிக உயர்ந்திருக்கும். நச்சுக்கொடி வெளியேறிய சில நாள்களுக்குள் இரண்டும் வெகுவாகச் சரிந்துவிடும். குழந்தை பால் குடிக்கும்போதெல்லாம் புரோலாக்டின் சுரக்கிறது. அது பாலைப் பெருக்குவதோடு சினைப்பையின் பணியையும் தாமதப்படுத்துகிறது. அதனால் ஈஸ்ட்ரோஜன் தாழ்ந்தே இருக்கிறது. ஆசை குறைவதும், உறுப்பு வறண்டு உறவின்போது வலிப்பதும் இதனால் நிகழக்கூடியவை. உறக்கமின்மையும் களைப்பும் உடன் சேர்ந்துகொள்கின்றன. எல்லாப் பெண்களுக்கும் இது ஒரே அளவில் இருப்பதில்லை.

ஃபிக்ஹ் சட்டத்தை இங்கே சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். நிஃபாஸின் உச்ச எல்லை ஹனஃபி மத்ஹபில் 40 நாள்கள். ஷாஃபிஈ மத்ஹபில் 60 நாள்கள். உதிரம் நின்று குளித்ததும் தடை நீங்குகிறது. தடை நீங்கும் நாளைத்தான் சட்டம் சொல்கிறது. உடல் தேறும் நாளையோ, ஆசை திரும்பும் நாளையோ அது குறிக்கவில்லை. பாலூட்டலை முழுமையாக்க விரும்புவோருக்கு இரண்டு ஆண்டுகளைக் கூறும் அல்குர்ஆன் (2:233), அதே வசனத்தில் தாயும் தந்தையும் கலந்தாலோசிப்பதையும் கூறுகிறது.

ஹார்மோன் மாறினால் பெண்ணின் மனம் வேறு ஆணை நாடும் என்ற பேச்சும் கைபேசி வழியே பரவுகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 584 பெண்களைத் தொடர்ந்து பரிசோதித்து, 2018-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆண்களின் முகங்களில் எது பிடிக்கிறது என்னும் விருப்பம் ஹார்மோனோடு சேர்ந்து மாறியதற்குத் தக்க சான்று கிடைக்கவில்லை. அதே குழுவினரின் மற்றோர் ஆய்வில், பொதுவான ஆசை ஹார்மோனுக்கேற்ப ஏறி இறங்கியது. பந்தமில்லாத உறவுக்கான நாட்டம் அவ்வாறு மாறவில்லை. ஆகவே, ஹார்மோனைக் காட்டி மனைவியின் ஒழுக்கத்தைச் சந்தேகிப்பது அநீதியாகும்.

கணவர்களே! இதைப் புறக்கணிப்பாகக் கருதாதீர்கள். இரவில் குழந்தையைச் சற்று நேரம் நீங்கள் ஏந்துங்கள். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் தம் குடும்பத்தாரின் பணிகளில் உதவியவர்கள். சகோதரிகளே! மௌனமாக விலகாமல், "வலிக்கிறது, களைப்பாக இருக்கிறது" என்று கணவரிடம் சொல்லிவிடுங்கள். வறட்சிக்கும் வலிக்கும் எளிய மருத்துவம் உண்டு. பிரசவத்திற்குப் பின் தைராய்டு கோளாறும் வரலாம். இரண்டு வாரங்களுக்கு மேல் துயரம் நீடித்தால் பெண் மருத்துவரை அணுகத் தயங்காதீர்கள். மாமியார்களே! நீங்களும் இதே நாள்களைக் கடந்து வந்தவர்கள்தாம். மருமகளுக்காக ஒரு சொல் பேசுங்கள்.

தம்பதியரிடையே அன்பையும் கருணையையும் வைத்திருப்பதாக அல்லாஹ் கூறுகிறான் (30:21). ஆசை தாழ்ந்திருக்கும் மாதங்களில் இல்லறத்தைத் தாங்குவது அந்தக் கருணையே. அதை நம் வீடுகளில் அல்லாஹ் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.