விளக்குமாறும் வாளியும்

ஒரு கோயிலை நடத்துவது யார் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? குருக்கள் என்பீர்கள், தர்மகர்த்தா என்பீர்கள். விளக்குமாறும் வாளியும்தான் என்பேன் நான். திருவேற்காட்டுக்காரியான எனக்கு அதைச் சொல்லக் கொஞ்சம் பாத்தியதை உண்டு. எங்கள் ஊர்க் கருமாரியம்மனை அறியாதவர் இல்லை. வேதபுரீசுவரரைத் தேடி வருகிறவர்கள் அவ்வளவு பேர் அல்ல. அந்தப் பிராகாரத்தில் புல் செதுக்குவதும், எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்ப்பதும் எங்களைப் போன்ற சில பெண்களின் வாடிக்கை. இதே ஊரில் பிறந்த மூர்க்க நாயனார் அடியார்களுக்கு அன்னமிடப் பணம் போதாமல் சூதாடினாராம். அந்த வழி நமக்கு வேண்டாம்; விளக்குமாறே போதும்!

ஆனால் நான் சொல்ல வந்தது புதுச்சேரியைப் பற்றி. உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போனவள், மறுநாள் காலை துய்மா வீதியில் உள்ள மாதா கோயிலை எட்டிப் பார்த்தேன். ஊராருக்கு அது 'கப்ஸ் கோயில்'. கப்புச்சின் சபைச் சாமியார்களால் வந்த பெயர். இப்போதுள்ள கட்டடம் 1855-ல் முடிந்தது. தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டுமல்ல, பிரெஞ்சிலும் பூசை நடக்கிற கோயில்.

உள்ளே ஒரு வயதான அம்மாள் நூல் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சின்னச் சின்ன வெள்ளைத் துணிகளை அலசிக்கொண்டிருந்தார். பூசைக் கிண்ணத்தைத் துடைக்கிற துணிகளாம். அலசிய தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாமல் தோட்டத்துக்கு எடுத்துப் போய் மண்ணில் ஊற்றினார்.

"ஏனம்மா?" என்றேன்.

"நற்கருணையிலே ஒரு துணுக்கு ஒட்டியிருந்தாலும் கால்லே மிதிபடக் கூடாதில்லே? முதல் அலசல் தண்ணி மண்ணுக்கு. அப்புறந்தான் சோப்பு" என்றார்.

நிர்மாலியப் பூவைக் கால் படாத இடத்தில் போடும் நமக்கு இதற்கு வியாக்கியானம் வேண்டுமா என்ன?

அந்த அம்மாள் சொல்தா வீட்டுக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வார்கள். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுப் பிரஜைகளாகவே இருக்க விரும்பியவர்களும் உண்டு. அவர்கள் பிள்ளைகளில் பலர் பிரான்சுக்கே போய்விட்டார்கள். இவருடைய மகள்கள் இருவரும் அங்கேதான். "முன்னே அஞ்சாறு பேர் முறை போட்டுத் துவைப்போம். இப்போ எனக்கே தினம் முறை!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

"உங்க ஊர்க் கோயில்லே உங்களுக்கு அப்புறம் யாரும்மா?"

எங்கள் கோஷ்டியை மனத்துக்குள் எண்ணிப் பார்த்தேன். எல்லோரிலும் சிறியவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பேச்சை மாற்றி, பீடத்துணியில் சொட்டிய மெழுகை எப்படி எடுப்பது என்று கேட்டேன். மேலும் கீழும் பழுப்புக் காகிதம் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்க்க வேண்டுமாம்; மெழுகு காகிதத்துக்கு ஏறிவிடும். பதிலுக்கு, கல் தரையின் எண்ணெய்ப் பிசுக்குக்கு அரிசி மாவும் சீயக்காய்த் தூளும் என்று நான் சொல்லிக் கொடுத்தேன்.

திருவேற்காட்டுப் பக்கம் இருக்கிற வாசகிகளே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண்ணையோ மருமகளையோ கூட்டிக்கொண்டு வாருங்களேன். சீயக்காய்த் தூள் நான் கொண்டு வருகிறேன்.